102 பேர், 204 எழுத்துகள்: என்செம்பிளில் ஒரு மரபியல் செய்முறை

எம்.எஸ்சி. விலங்கியல் மாணவர்களுக்கு மரபியல் செய்முறை நடத்துகிறேன். பல வருடமாக ரத்த வகை பார்ப்பதும் நாக்கைச் சுருட்டச் சொல்வதும்தான் நடந்தது. இப்போது இரண்டு பருவமாக, உலகின் பல பகுதி மக்களின் மரபணுத்தொகையை (டிஎன்ஏ முழுவதையும்) படித்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் தரவை, என்செம்பிள் என்ற மரபணுத் தரவு இணையதளத்தில் திறந்துவிடுகிறேன். காசு கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம்.

முதலில் தேடச் சொல்வது ஆர்எஸ்1426654 என்ற அடையாள எண்ணை. 15ஆவது குரோமோசோமில், எஸ்எல்சி24ஏ5 மரபணுவுக்குள் இருக்கும் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்தை அது குறிக்கிறது. அங்கே ஜி இருந்தால் புரதத்தின் 111ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் வரும், ஏ இருந்தால் திரியோனின். தோல் நிறம் வெளுப்பதில் இந்த ஏ-வுக்குப் பங்கு உண்டு என்பது, நிறம் மங்கிய ஜீப்ரா மீன்களை ஆராயப்போய் 2005இல் தெரியவந்தது.

மக்கள்தொகை மரபியல் பக்கத்தை அழுத்தினால் வட்ட வட்டமாகப் படங்கள். ஐரோப்பிய வட்டம் ஏறக்குறைய முழுக்க ஏ. கிழக்காசிய வட்டம் ஏறக்குறைய முழுக்க ஜி. தெற்காசியாவை விரித்தால் ஐந்து வட்டங்கள்: லாகூர் பஞ்சாபியர், ஹூஸ்டன் குஜராத்தியர், வங்கதேச வங்காளிகள், பிரிட்டனில் வாழும் தெலுங்கர், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர். கடைசி வட்டத்தில் இரண்டு எழுத்தும் பாதிக்குப் பாதியை ஒட்டி நிற்கின்றன. அதைப் பார்த்ததும் வகுப்பில் எழும் சலசலப்புக்காகவே இந்தச் செய்முறையை விடமாட்டேன். சிவப்பு, கறுப்பு என்று வீட்டில் கேட்டே வளர்ந்த பிள்ளைகள். நிறத்தை இந்த ஒரு இடம் மட்டும் முடிவு செய்வதில்லை, வேறு பல மரபணுக்களும் சேர்ந்துதான் என்று அங்கேயே நிறுத்திச் சொல்லிவிடுகிறேன்.

சதவீதத்தோடு எண்ணிக்கையும் தருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இலங்கைத் தமிழர் வட்டத்தில் 102 பேர், ஆளுக்கு இரண்டு, ஆக 204 எழுத்து. ஏஏ எத்தனை பேர், ஏஜி எத்தனை பேர் என்று எடுத்து, எழுத்துகளின் விகிதத்தை வைத்து ஒவ்வொரு ஜோடியும் எத்தனை பேரிடம் இருக்கவேண்டும் என்று பார்க்கும் ஹார்டி-வைன்பெர்க் கணக்கைக் கையாலேயே போடுகிறார்கள். புத்தகத்தில் கற்பனைப் பட்டாணிகளுக்குப் போட்ட அதே கணக்கு.

இயற்கைத் தேர்வு நடந்ததா என்பதை வட்டம் சொல்லாது. அதற்கு, மரபணுத்தொகை நெடுக மாறுபாட்டின் அளவை வரைந்து காட்டும் பாப்ஹியூமன் என்ற இணையதளத்துக்குப் போகவேண்டும். ஐரோப்பியரில் இந்த மரபணுவைச் சுற்றி மாறுபாட்டின் அளவு பள்ளமாக இறங்கியிருக்கும். பயன் தரும் எழுத்து ஒன்று வேகமாகப் பரவும்போது அக்கம்பக்கத்து எழுத்துகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அந்தப் பகுதியில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. திரையில் விவரங்கள் நெருக்கமாக இருக்கும், ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால்தான் பிடிபடும்.

தரவையே இறக்க நினைப்பவர்கள் முழுக் கோப்பையும் இழுக்கவேண்டாம். டேபிக்ஸ் என்ற மென்பொருள் கருவி வேண்டிய துண்டை மட்டும் அறுத்துத் தரும். ஆனால் இடங்களை எண்ணப் பயன்படும் மாதிரி வரிசையான மேற்கோள் மரபணுத்தொகையில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இதே எழுத்து ஜிஆர்சிஎச்37 என்ற பழைய பதிப்பில் 48426484ஆவது இடம், புதிய ஜிஆர்சிஎச்38இல் 48134287. நான் பழைய எண்ணைப் புதிய கோப்பில் கொடுத்துவிட்டு ஒரு மதியம் முழுக்கத் தேடினேன்.

குறை என்றால் அது ஆட்கள் விஷயத்தில்தான். திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 26 மக்கள்தொகைகள், 2504 பேர். அதில் தமிழர் என்று பெயரிட்ட ஒரே தொகுப்பு இந்த 102 பேர்தான், அதுவும் பிரிட்டனில் சேகரித்தது. நோய் விவரமோ உடல் அளவோ கிடையாது. நீலகிரிக் கூடலூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் ரத்த நோயின் அரிவாள் செல் மரபணுவைத் தேடினாள். நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பது 1952லேயே பதிவாகிவிட்டது. “எங்க ஊர்க்காரங்க இதுல எங்க சார்?” என்று கேட்டாள். அந்த வரிசையில் காட்ட எனக்கு ஒரு வட்டமும் இல்லை.

ஜீனோம்இந்தியா என்ற இந்தியத் திட்டம் 83 மக்கள்தொகைகளிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத்தொகையைப் படித்திருக்கிறது. அந்தத் தரவு ஃபரீதாபாத்தில் உள்ள தரவு மையத்தில் இருக்கிறது, விண்ணப்பித்துத்தான் வாங்கவேண்டும். அவள் கேள்வியை முதல் வரியாக வைத்து விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்திருக்கிறேன்.