பெங்களூர்ப் பேரணியா, சென்னைப் பேரணியா, ஆட்சியர் அலுவலகமா?

ஜூன் மாதம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் நட்பு வட்டத்தில் ஒரு கேள்வி கிளம்பும். பாலினச் சிறுபான்மையினர் நடத்தும் வானவில் பேரணிகளால் இன்னும் ஏதாவது பயன் உண்டா? கேட்பவர்கள் எங்களுக்கு எதிரிகள் அல்ல. ஒரு சாரார், பேரணியைக் கம்பெனிகள் விலைக்கு வாங்கிவிட்டன என்கிறார்கள். இன்னொரு சாரார், அதெல்லாம் பெருநகரத்துப் பிள்ளைகளுக்கு, காரிமங்கலத்திலும் பர்கூரிலும் இருப்பவருக்கு அதனால் என்ன என்கிறார்கள். கிருஷ்ணகிரியில் வாழும் தன்பாலீர்ப்புள்ள ஆண் நான். இரண்டு கேள்வியும் என்னைச் சுடுகின்றன. அதனால் கண்ணுக்குத் தெரியும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். கொண்டாட்டம் முடிந்த மறுநாள், அதற்கு வர முடியாமல் போன ஒருவரின் கையில் என்ன மிஞ்சியது என்பதுதான் என் அளவுகோல்.

முதலில் வெளியுலகம். 1969 ஜூன் 28 அன்று நியூயார்க்கில் தன்பாலீர்ப்புள்ளவர்கள் கூடும் ஸ்டோன்வால் என்ற மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை நடந்தது, மக்கள் திருப்பி எதிர்த்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து அதே நாளில் கிரீன்விச் வில்லேஜிலிருந்து சென்ட்ரல் பார்க் வரை நடந்தார்கள். அதுதான் நியூயார்க்கின் முதல் பேரணி. ஐம்பதாம் ஆண்டான 2019-இல் அதே ஊரில் ஒரே நாளில் இரண்டு பேரணிகள் நடந்தன. ஒன்று, கம்பெனிகளின் அலங்கார வண்டிகளும் சீருடைப் போலீசும் சேர்ந்து வந்த பிரம்மாண்டம். மற்றொன்று, கம்பெனியும் வேண்டாம் போலீசும் வேண்டாம் என்று பிரிந்தவர்கள் நடத்திய ‘குயர் விடுதலைப் பேரணி’. முதல் வகையிடம் கூட்டம், தொலைக்காட்சி, பணம் எல்லாம் இருந்தன. இரண்டாவதிடம் கோரிக்கைகள் இருந்தன. எதை எடுப்பாய் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். காரணம் 2025-இல் வெளிப்படையாகவே தெரிந்தது. அமெரிக்க அரசியலில் காற்று திசை மாறியதும், நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் பல ஆண்டுகள் நன்கொடை தந்த கம்பெனிகளில் சில பின்வாங்கின, சில தொகையைக் குறைத்துக்கொண்டன. பணம் தந்தவர் போகும்போது, அந்தப் பணத்தை நம்பி மேடை போட்டவர் திண்டாடுவார்.

ஆனாலும் பெரிய பேரணி வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தன்னைப் போல் உலகில் யாருமே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பையனின் கைபேசியில் அந்தக் கூட்டம் ஒருமுறை தெரிந்தால் அது சின்ன விஷயமல்ல. நானும் அப்படிப்பட்ட ஒரு பையனாக இருந்தவன்.

சிங்கப்பூர் வேறு ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கே ஊர்வலம் கிடையாது. 2009 முதல் ஹாங் லிம் பூங்காவில் இளஞ்சிவப்பு உடையில் கூடுகிறார்கள். ‘பிங்க் டாட்’ என்று பெயர். பிள்ளைகளோடு பெற்றோர் வந்து பாய் விரித்து உட்காருவார்கள். 2017-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் நிதி தரக்கூடாது, வெளிநாட்டவர் உள்ளே வரக்கூடாது என்று அரசு தடை போட்டது. உடனே உள்நாட்டு நிறுவனங்கள் நூற்றுக்கும் மேல் முன்வந்து நிகழ்ச்சியைத் தாங்கின. தன்பாலுறவைக் குற்றமாக்கிய நம்முடைய சட்டப்பிரிவு 377-உம் அவர்களுடைய 377ஏ-உம் ஒரே வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற சொத்து. 377ஏ-வை அவர்கள் 2022-இல் நீக்கினார்கள். அதே மூச்சில், திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்ற வரையறைக்கு எதிராக நீதிமன்றம் போக முடியாதபடி அரசியல் சாசனத்தையும் திருத்திவிட்டார்கள். கூடுவது எவ்வளவு தூரம் கொண்டுபோகும், எந்த இடத்தில் நிறுத்தப்படும் என்று இரண்டையும் இந்த ஒரு நாடு காட்டிவிடுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே வேலை அனுமதியில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பூங்காவின் எல்லைக்கு வெளியேதான் நிற்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருந்தால்தான் அனுமதி.

புடாபெஸ்ட்டையும் இஸ்தான்புல்லையும் பார்த்தால், பேரணி பழையதாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இஸ்தான்புல்லில் பல்லாயிரம் பேர் நடந்த பேரணிக்கு 2015 முதல் தடை. ஆனாலும் ஆண்டுதோறும் சிலர் வருகிறார்கள், ஆண்டுதோறும் கைதாகிறார்கள். ஹங்கேரி 2025 மார்ச்சில் சட்டம் போட்டே தடுத்தது. புடாபெஸ்ட் மேயர் அதை மாநகராட்சி நிகழ்ச்சியாக அறிவித்தார். ஜூன் 28 அன்று லட்சம் பேருக்கு மேல் வந்ததாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். எங்கே நடக்க அஞ்ச வேண்டியிருக்கிறதோ அங்கே நடப்பதற்கு மதிப்பு அதிகம். பயம் குறைந்த ஊர்களில் கோரிக்கை இல்லாமல் நடந்தால் அது திருவிழாவோடு நின்றுவிடும்.

இனி நம் பக்கம். இந்தியாவில் முதல் நடை 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில். வந்தவர்கள் 15 பேர். 2008-இல் பெங்களூரும் டெல்லியும் சேர்ந்தன. சென்னை 2009 ஜூனில் நடந்தது. சில நாட்களில், ஜூலை 2 அன்று, 377-க்கு எதிரான டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அது 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்து, 2018 செப்டம்பர் 6 அன்று மறுபடி எழுந்தது.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரருக்குப் பெங்களூர்தான் பக்கம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90. காலையில் பஸ் ஏறி, பேரணியில் நடந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். வீட்டில் சொல்லக் காரணமும் எளிது, பெங்களூருக்குப் போகாத குடும்பமே எங்கள் பக்கம் இல்லை. வேறு மாநிலம், வேறு மொழித் தொலைக்காட்சி. மாமன் மச்சான் கண்ணில் படும் வாய்ப்பு குறைவு. இதைச் சின்ன வசதியாக நினைக்க வேண்டாம். முகமூடி இல்லாமல் முதல்முறை தெருவில் நடப்பதற்கு இந்தத் தூரமே தைரியம் தருகிறது. கம்பெனிப் பணத்தை நம்பாமல் சமூகத்தின் சொந்த நிதியில் நடத்துகிற மரபும், பாலியல் தொழிலாளர்களும் திருநங்கைகளும் முன்வரிசையில் நிற்கிற வழக்கமும் அங்கே உண்டு. நியூயார்க்கின் இரண்டாவது பேரணி பிரிந்துபோய்க் கண்டுபிடித்ததை இவர்கள் முன்பே செய்துவந்தார்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே எழும் முழக்கம் கர்நாடக அரசை நோக்கி எழுகிறது. 2021-இல் அரசு வேலைகளில் திருநர்களுக்கு, அதாவது திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும், 1 சதவீத கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கொண்டுவந்த முதல் மாநிலம் கர்நாடகம். எல்லாச் சாதிப் பிரிவுகளுக்குள்ளும் ஊடுருவிச் செல்லும் ஒதுக்கீடு அது. மகிழ்ச்சிதான். ஆனால் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி ஓசூருக்குள் கால் வைத்ததும் அந்தச் சதவீதம் நமக்கு இல்லை. தமிழ்நாட்டில் திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு தலித் திருநங்கை தன் சாதிக்கான ஒதுக்கீடா, பாலினத்துக்கான ஒதுக்கீடா என்று ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். அந்தக் குரல் ஒலிக்க வேண்டிய ஊர் சென்னை.

சென்னைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து 260 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து 300. ஒரு நாள் கூலி போகும், பயணச் செலவு இரட்டிப்பு, தங்க இடம் வேண்டும், தமிழ்த் தொலைக்காட்சிக் கேமராக்கள் வேறு. இத்தனை இருந்தும், ஒப்பிட்டால் சென்னைக்கே என் ஓட்டு. கேட்பது நம் மொழி, கேட்கப்படுவது நம் அரசு. பெங்களூர் ஒருவருக்குத் தைரியம் தரும், சென்னை அவருடைய மாவட்டத்துக்கு ஓர் அரசாணை தரக்கூடும். முதல்முறை வருபவரை நான் பெங்களூருக்கு அழைத்துப்போவேன். இரண்டாம் முறை சென்னை.

மூன்றாவதாகக் கூவாகம். சித்திரைப் பௌர்ணமியில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் அந்தத் திருவிழாவுக்கு எங்கள் மாவட்டங்களிலிருந்தும் திருநங்கைகள் போகிறார்கள். பேரணியைவிட அது பல தலைமுறை மூத்தது, பேரணி தராத ஒன்றையும் தருகிறது. ‘இது வெளிநாட்டிலிருந்து வந்தது’ என்று யாரும் அங்கே வாய் திறக்க முடியாது. நேபாளத்தில் காய் ஜாத்ரா என்ற பழைய திருவிழாவோடு சேர்த்தே வானவில் ஊர்வலம் நடத்துகிறார்கள், அது புத்திசாலித்தனம். ஆனால் கூவாகத்தில் திருநங்கைக்கு இருக்கும் இடம் திருநம்பிக்கும், தன்பாலீர்ப்புள்ள பெண்ணுக்கும் இல்லை. மகுடம் சூடும் அழகிப் போட்டியைப் படமெடுத்துப் போகும் ஊடகங்கள், மறுநாள் அவர்களுக்கு யாரும் வாடகைக்கு வீடு தராததைப் படமெடுப்பதில்லை.

நான்காவது வழி, கூட்டமே இல்லாதது. நீதிமன்றமும் அரசாணையும். சத்தமில்லாமல் அதிகம் தந்தது இதுதான். 2008-இல் தமிழ்நாடு திருநங்கைகள் நலவாரியம், நாட்டிலேயே முதலாவது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் திருநங்கைகளுக்குக் கட்டணமில்லை. சேலத்துப் பெண் பிரித்திகா யாஷினி 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்று, 2017-இல் நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளராக வந்து நின்றது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். எத்தனை பேரணிகள் நடந்தாலும், காக்கியில் ஒரு திருநங்கை ஊருக்குள் நடந்ததற்கு அது ஈடாகாது. கை தட்டிக் கடை கடையாகக் காசு கேட்பவர்களாக மட்டுமே திருநங்கைகளைப் பார்த்திருந்தவர்கள், அவர் முன் எழுந்து நின்று மனு கொடுத்தார்கள்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைப் பற்றி எங்கள் பக்கம் ஒவ்வொரு காவல் நிலையமும் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணைக் காணோம் என்று பெற்றோர் புகார் தருகிறார்கள். விசாரித்தால், வயது வந்த இரண்டு பெண்கள் தங்கள் விருப்பப்படி சேர்ந்து வாழ்கிறார்கள். அப்படியானால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை தரக்கூடாது. பாலீர்ப்பையே மாற்றிவிடுவதாகச் சொல்லி ‘மாற்று சிகிச்சை’ என்ற பெயரில் மருத்துவர்கள் நடத்தும் கொடுமைக்கும் அந்த உத்தரவு தடை போட்டது. இப்படித் தொல்லை தரக்கூடாது என்று காவலர் நடத்தை விதிகளிலேயே 2022-இல் சேர்த்தார்கள். இவ்வளவு இருந்தும் 2025 மே மாதம் என்ன நடந்தது? வேலூர் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணைக் குடும்பத்தார் பிடித்து வைத்துக்கொண்டார்கள். போலீஸ் அவரைப் பெற்றோரோடு அனுப்பி வைத்தது. அவருடைய இணை ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்று நீதிபதிகள் எழுதினார்கள், போலீசையும் கண்டித்தார்கள்.

தர்மபுரியில் இதன் கனம் இன்னும் கூடுதல். சாதி தாண்டிய ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி 2012 நவம்பரில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்ட மாவட்டம் இது. ஆணும் பெண்ணும் தேர்ந்தெடுத்துக்கொள்வதற்கே இந்த விலை என்றால், இரண்டு பெண்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டால்? ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, விடுதிகளில் தங்கியிருக்கும் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் சிலர் அங்கேதான் முதல்முறை தம்மைப் போன்ற இன்னொருத்தியைச் சந்திக்கிறார்கள். பொங்கலுக்கு வீடு போனால் மாப்பிள்ளை பார்த்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த உத்தரவின் தமிழ் நகலும், ஒரு வக்கீலின் எண்ணும், ஒரு ராத்திரி தங்க இடமும்.

அப்படியானால் பேரணியை விட்டுவிட்டு நீதிமன்றமே போதும் என்று சொல்லலாமா? முடியாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. அதன்பின் 2024-இல் மத்திய அரசு, இணையர்கள் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை, ஒரே வீட்டில் வாழ்ந்தால் ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றது. அதை நம்பி வட்ட வழங்கல் அலுவலகத்தில் போய் நின்றால் எத்தனை பேருக்கு அந்தச் சுற்றறிக்கை தெரியும்? தெரிய வைக்க ஆள் வேண்டும். தனியாகப் போனால் விரட்டப்படுவோம், பத்துப் பேராகப் போனால் உட்காரச் சொல்வார்கள். அந்தப் பத்துப் பேர் எங்கே சந்தித்துக்கொள்கிறார்கள்? எனக்குத் தெரிந்த வரை, பாதிப்பேர் ஏதோ ஒரு பேரணியில் பக்கத்தில் நடந்தவர்கள்.

ஆகவே என் வரிசை இது. கையில் இருக்கும் அடுத்த ரூபாய் மாவட்டத்துக்குள் செலவாக வேண்டும். அடுத்து சென்னைப் பயணம். பெங்களூர், புதிதாக வருபவர்களுக்கு. கூவாகத்துக்குப் போகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலோ தர்மபுரி நான்கு ரோட்டிலோ ஒரு வானவில் பேரணி நடத்த வேண்டும் என்று இளைய நண்பர்கள் ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயமானது. நான் இப்போது வேண்டாம் என்கிறேன். சென்னையில் படம் எடுக்கப்பட்டால் அது செய்தி. இங்கே படம் எடுக்கப்பட்டால் அன்று மாலையே அது தெருவுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும். போய்த் தங்க ஓர் இடத்தை ஏற்பாடு செய்யாமல் ஒரு பிள்ளையை அந்த வெளிச்சத்தில் நிறுத்த எனக்கு உரிமை இல்லை.

அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாம். ஜூன் கடைசி ஞாயிறு சென்னையில் நடந்தவர்கள், மறுநாள் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இரண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலும் ஒரே மனுவைக் கொடுக்க வேண்டும். 2019-இன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி திருநர் அடையாளச் சான்றிதழ் தருபவரே ஆட்சியர்தான். மனுவில் நான்கு வரி போதும். சான்றிதழ் விண்ணப்பங்களை இழுத்தடிக்காமல் முடிக்க வேண்டும். 2021 உத்தரவின் தமிழாக்கம் எல்லாக் காவல் நிலையங்களிலும் இருக்க வேண்டும். பெண்களுக்கான 181 உதவி எண்ணிலும் ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் இருப்பவர்களுக்கு, தன்பாலீர்ப்புள்ள பெண் வந்தால் பெற்றோருக்குப் போன் போடக்கூடாது என்று பயிற்சி தர வேண்டும். வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர் பாலினம் எதுவானாலும் தங்க, ஓசூரில் ஒன்றும் தர்மபுரியில் ஒன்றும் விடுதி வேண்டும்.