மரத்தின் உயரம் அளக்க ஒரு கருவி: சூன்டோ பிஎம்-5 கிளினோமீட்டர்

தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றினால் ஒரு மரத்தின் சுற்றளவு கிடைத்துவிடும். உயரத்தை அப்படித் தொட்டு அளக்க வழியில்லை. மரத்தின் கன அளவையும், உயிர்த்திரளையும், அதிலிருந்து அது சேமித்துள்ள கார்பனையும் மதிப்பிடும் சமன்பாடுகளில் பெரும்பாலானவை விட்டத்தின் வர்க்கத்தை உயரத்தால் பெருக்கியே தொடங்குவதால், உயரத்தில் ஐந்து சதவீதம் பிழைத்தால் முடிவிலும் ஏறத்தாழ அதே அளவு பிழை வந்து சேரும். பல்கலைக்கழகத்தில் வனவியல் ஆய்வாளராக இருக்கும் எனக்கு ஆண்டின் பாதி நாட்கள் சவுக்கு, மலைவேம்பு, தேக்குத் தோட்டங்களின் மாதிரிப் பரப்புகளில் கழிகின்றன. அந்த நாட்கள் அனைத்திலும் என் கழுத்தில் தொங்கிய கருவி பின்லாந்து நாட்டுச் சூன்டோ நிறுவனத்தின் பிஎம்-5 கிளினோமீட்டர், அதாவது சாய்வுக்கோணமானி. ஆய்வில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கும், துறைக்குக் கருவிகள் வாங்கப் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அலுமினிய உடலுக்குள் திரவம் நிரம்பிய சிமிழ் ஒன்றும், அதற்குள் புவியீர்ப்புக்கு ஏற்பத் தானே திரும்பி நிற்கும் அளவுவட்டு ஒன்றும் இருக்கின்றன. திரவம் வட்டின் ஆட்டத்தை விரைவில் அடக்கிவிடுவதால், மலைச்சரிவில் மூச்சிரைக்க ஏறி வந்த உடனேயும் அளவைப் படித்துவிட முடிகிறது. மின்கலம் கிடையாது. கானகத்தில் ஒரு வாரம் தங்கி வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

அளக்கும் முறை பள்ளியில் படித்த முக்கோணவியல்தான். மரத்திலிருந்து கிடைமட்டமாக 20 மீட்டர் தள்ளி நின்று, ஒரு கண்ணால் கருவிக்குள் இருக்கும் குறுக்குக்கோட்டையும் மறு கண்ணால் மரத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். இரு காட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கோடு மரத்தின் மேலேயே நீண்டு கிடப்பது போலத் தோன்றும். கருவி காட்டும் சதவீதம் என்பது, கிடைமட்டத் தூரத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பதே. நுனியில் கோடு படியும்போது 62 சதவீதமும், அடியில் படியும்போது கண்மட்டத்துக்குக் கீழே 8 சதவீதமும் காட்டினால் இரண்டையும் கூட்டி 70. 20 மீட்டரில் 70 சதவீதம் 14 மீட்டர். அதுவே மரத்தின் உயரம். மேட்டில் நிற்கும் மரத்தின் அடி நம் கண்மட்டத்துக்கு மேலே இருந்தால் கூட்டாமல் கழிக்க வேண்டும்.

வாங்கும்போது கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பிஎம்-5 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு அளவுகோல்கள் கொண்ட கருவிகள் விற்கப்படுகின்றன. 360 பிசி என்ற வகையில் இடப்பக்கம் பாகையும் வலப்பக்கம் சதவீதமும் இருக்கும். 1520 என்ற வகையில் 15 மீட்டர், 20 மீட்டர் தூரங்களில் நின்று உயரத்தை நேராகப் படிக்கலாம். 66 அடித் தூரத்துக்கு என்று அமைந்த வகையும் இருக்கிறது. விலைப்புள்ளி கோரும்போது வகையைத் தெளிவாகக் குறிப்பிடாவிட்டால், விலை குறைவாகச் சொன்னவர் எந்த வகையை அனுப்புகிறாரோ அதைத்தான் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். ஆய்வுக்கு 360 பிசியையே பரிந்துரைக்கிறேன். முட்புதர் நிறைந்த இடத்தில் 20 மீட்டர் சரியாகக் கிடைப்பது அரிது; சதவீத அளவுகோல் இருந்தால் 17 மீட்டரில் நின்றும் கணக்கிடலாம். சரிவின் கோணத்தையும் அதே கருவியில் படித்துவிடலாம். 15 பாகைச் சரிவில் நாடாவைத் தரையோடு 20 மீட்டர் இழுத்தால் உண்மையான கிடைமட்டத் தூரம் 19.3 மீட்டர்தான் என்பதால், மலைப்பகுதி ஆய்வில் இந்தத் திருத்தத்தைத் தவிர்க்கவே முடியாது.

இரண்டு அளவுகோல்கள் அருகருகே இருப்பதால் வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 35 பாகை என்பது 70 சதவீதம். ஒரு முறை என் மாணவர் ஒருவர் காலை முழுவதும் இடப்பக்க எண்களைச் சதவீதம் என்று எழுதி வந்துவிட்டார். மரங்கள் எல்லாம் பாதியாகக் குறைந்திருந்தன. அன்றிலிருந்து களக்குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதாத வரிசையை நான் ஏற்பதில்லை.

இந்தக் கருவியை நான் மதிப்பதற்கு முதன்மையான காரணம், பிழை எங்கிருந்து வருகிறது என்பதை அது பயன்படுத்துபவரிடம் மறைப்பதில்லை என்பதே. கண்மட்டத்துக்கு மேல் 18 மீட்டர் உயர்ந்த மரத்தை 18 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது கோணம் 45 பாகை. அங்கே ஒரு பாகை தவறாகப் படித்தால் உயரத்தில் சுமார் 63 செ.மீ. பிழை வரும். அதே மரத்தை 6 மீட்டர் அருகில் நின்று பார்த்தால் அதே ஒரு பாகைத் தவறு 105 செ.மீ. ஆகிவிடும். மரத்தின் உயரம் அளவுக்காவது விலகி நில் என்று மூத்தவர்கள் சொல்லிவந்ததன் கணக்கு இதுதான். கிட்டத்தில் நின்றால் பரந்த தலையுடைய தேக்கில் உண்மையான நுனியே தெரியாமல், நம் பக்கம் நீண்ட கிளையின் விளிம்பை நுனி என்று எடுத்துக்கொள்வோம். அப்போது உயரம் கூடுதலாகவே வரும். சாய்ந்து நிற்கும் மரத்தைச் சாய்வுக்குக் குறுக்கான திசையில் நின்று பார்க்க வேண்டும்.

இரு கண்களின் பார்வையும் ஒரே நேரில் அமையாதவர்களும் உண்டு. அவர்களுக்கு, குறுக்குக்கோடு படியும் இடம் மேலேயோ கீழேயோ சற்று விலகிவிடும். கோட்டை ஒரு புள்ளியில் பதித்தபின் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அது நகர்கிறதா என்று ஒவ்வொருவரும் முதல் நாளே சோதித்துக்கொள்ள வேண்டும். நகர்ந்தால், கருவிக்கும் அதன் உடலுக்கு வெளியே தெரியும் மரத்துக்கும் ஒரே கண்ணையே பயன்படுத்தலாம்.

அறுவடைக்கு வந்த சவுக்குத் தோட்டங்களில் நின்ற மரத்தை இதனால் அளந்து, வெட்டிச் சாய்த்தபின் நாடாவால் சரிபார்க்கும் வாய்ப்பு எனக்குப் பல முறை கிடைத்திருக்கிறது. பழகிய கையில் வேறுபாடு பெரும்பாலும் அரை மீட்டருக்குள் அடங்கியது. அந்தச் சரிபார்ப்பை மாணவர்களையும் செய்யச் சொல்வேன். தாங்கள் எழுதிய எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியது என்று கீழே கிடக்கும் மரத்தில் கண்டவர்கள் அடுத்த மரத்தை அவசரமாக அளப்பதில்லை.

சுவீடனின் ஹாக்லோஃப் நிறுவனம் தயாரிக்கும் வெர்டெக்ஸ், மீயொலியால் தூரத்தைத் தானே அளந்து உயரத்தைத் திரையில் காட்டும். நாடா இழுக்க முடியாத அடர்ந்த புதர்களில் அது நேரத்தை வெகுவாக மிச்சப்படுத்துகிறது. நூற்றுக்கணக்கான மாதிரிப் பரப்புகள் கொண்ட திட்டத்துக்கு அதையே வாங்கலாம். ஆனால் ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறும். பத்துப் பாகை செல்சியஸ் வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் 20 மீட்டருக்குச் சுமார் 35 செ.மீ. பிசகும். சில்வண்டுகளின் இரைச்சலும் அதற்கு இடையூறாகலாம். விலையோ பல மடங்கு. எனவே ஒரு துறை முதலில் வாங்க வேண்டியது நான்கைந்து பிஎம்-5 கருவிகளும் நல்ல நாடாக்களும்தான்; வெர்டெக்ஸ் அதற்குப் பின் வரட்டும்.

குறைகளும் இருக்கின்றன. வெளிச்சம் மங்கிய காட்டில் அளவுவட்டைப் படிப்பது சிரமம் என்பதால் மாலை நான்கரைக்கு மேல் நான் அளப்பதில்லை. மலை உச்சிக்குக் கொண்டுபோகையில் சிமிழில் சிறு குமிழி தோன்றலாம். சிறிதாக இருக்கும்வரை அளவை அது பாதிக்காது. நீலகிரியின் சோலைக்காடுகளில், தலைகள் பின்னிக் கிடக்கும் விதானத்துக்குக் கீழே நின்று பார்த்தால் எந்த நுனி எந்த மரத்துடையது என்றே தெரியாது. அங்கே ஊகித்து எழுதாமல், நுனியும் அடியும் தெளிவாகத் தெரியும் மரங்களை மட்டும் அளந்து, விட்டத்துக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்து, மற்றவற்றின் உயரத்தை அதன்வழி மதிப்பிடுகிறேன். எந்த மரம் அளந்தது, எது மதிப்பிட்டது என்பதைத் தரவில் தனி நிரலாகவே குறித்து வைக்கிறேன்.