ஷேடோ டீச்சர் எங்கே உட்காருகிறார்? மாண்டிசோரியும் விளையாட்டுவழி வகுப்பும்

மூன்றரை வயதில் என் மகனிடம் ஏழெட்டுச் சொற்கள்தான் இருந்தன. பொத்தான் போட விரல் ஒத்துழைக்காது, நாலு பேர் சேர்ந்து கைதட்டினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு விளையாட்டுவழி வகுப்பு ஒன்றில் ஒன்பது மாதம், அங்கிருந்து மாறி மாண்டிசோரி வகுப்பில் இரண்டு வருஷம். இப்படிப்பட்ட பிள்ளையை இந்த இரண்டில் எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற கேள்வியோடு வருகிற பெற்றோர்களிடம் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நான் மாண்டிசோரி பக்கம் சாய்ந்த ஆள். நடுநிலையான அலசல் தேடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

இரண்டுக்கும் பொதுவானதை வேகமாகக் கடந்துவிடலாம். கரும்பலகையைப் பார்த்து உட்காருகிற வேலை இரண்டிலும் இல்லை, பரீட்சை இல்லை, கையால் தொட்டு தனக்குப் பிடித்ததிலிருந்து ஆரம்பிக்கலாம். சிறப்புக் குழந்தைகளுக்கு மட்டுமான மையம் என்ற மூன்றாவது வழியையும் முன்னாலேயே மூன்று மாதம் பார்த்தோம். கவனிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் பார்த்துப் பழக, அவனைவிடச் சரளமாகப் பேசுகிற ஒரு குழந்தைகூட அங்கே கிடையாது, அதனால் நிறுத்தினோம்.

ஒருங்கிணைந்த கல்வி, உள்ளடக்கிய கல்வி என்ற இரண்டு பெயரையும் பள்ளிகள் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கின்றன. எனக்குப் புரிந்த வித்தியாசம் இதுதான். வகுப்பு எப்போதும் போலவே நடக்கும், உங்கள் பிள்ளை அதற்குள் பொருந்திக்கொள்ள வேண்டும் என்றால் அது ஒருங்கிணைப்பு. பிள்ளை வந்ததால் வகுப்பு தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டால் அது உள்ளடக்கம். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் கல்வி பற்றி 1994ல் வந்த சலமான்கா பிரகடனமும் 2006ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையும் கேட்பது இரண்டாவதைத்தான். காகிதத்தில் எல்லாப் பள்ளியும் இரண்டாவதுதான்.

காகிதத்தை நம்பாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு உதவவென்று கூடுதலாக வைத்திருக்கும் ஆள், அதாவது ஷேடோ டீச்சர், வகுப்பில் எங்கே உட்காருகிறார் என்று பாருங்கள்.

விளையாட்டுவழி வகுப்பில் அவர் என் மகனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நல்லவர், பொறுமைசாலி, அவர்மேல் ஒரு புகாரும் இல்லை. அந்த வகுப்பின் ஒரு நாள் என்பது சேர்ந்து செய்கிற காரியங்களின் வரிசை. வட்டமாக உட்கார்ந்து பாட்டு, எல்லோருக்கும் சேர்த்துக் கதை, குழுவாக ஒரு ப்ராஜெக்ட், அப்புறம் மறுபடி வட்டம். ஒவ்வொன்றிலிருந்தும் இவன் நழுவி வெளியே வருவான், அவர் பிடித்து உள்ளே உட்கார வைப்பார், நாள் முழுக்க இதே வேலை. சில மாதங்களில் எதைச் செய்வதற்கு முன்னாலும் அவர் முகத்தைப் பார்ப்பது இவனுக்குப் பழக்கமாகிவிட்டது. அதைவிட எனக்கு உறுத்தியது மற்ற குழந்தைகள்தான். “இவனுக்குப் பந்து வேணுமா?” என்று அவரிடம் கேட்பார்கள், பந்துக்காக நிற்பவன் இவன். கேட்டது நல்ல மனசோடுதான், ஆனால் இவனிடம் யாருமே நேராகப் பேசவில்லை. ஒருமுறை அவருக்கு உடம்பு சரியில்லை. இரண்டு நாள் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. அவருக்கு லீவு என்றால் என் மகனுக்கும் லீவு. அன்றைக்குத்தான் வேறு இடம் தேட ஆரம்பித்தேன்.

மாண்டிசோரி வகுப்பிலும் ஒரு துணை ஆசிரியர் இருந்தார். முதல் மாதம் இவன் பாய்க்கு அருகிலேயே இருந்தவர், அப்புறம் அலமாரிப் பக்கம் போனார், அதற்கப்புறம் கதவோரம் ஒரு தாழ்வான நாற்காலி. இவனுக்கு ஷூ மாட்டிவிடுகிற அதே ஆள்தான் இன்னொரு குழந்தைக்கு மூக்கும் துடைத்துவிடுவார். ஆறு மாதம் கழித்து வந்த புதிய பெற்றோர் ஒருவருக்கு, அவர் யாருக்காக வைக்கப்பட்டவர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இது அந்த ஆசிரியரின் சாமர்த்தியம் மட்டுமல்ல, வகுப்பின் அமைப்பே அப்படி. மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரே அறை. பாடம் பெரும்பாலும் ஒருவருக்குத் தனியாக, ஒரு பாயில். எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் செய்கிற நேரம் குறைவு என்பதால், அதிலிருந்து நழுவி விழுகிற நேரமும் குறைவு. ஐந்து வயதுக்காரன் ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பழகிக்கொண்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பக்கத்துப் பாயில் நாலு வயதுச் சிறுமி ஆயிரம் மணிகளை எண்ணிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஒவ்வொரு உபகரணமும் அறையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், ஆகவே காத்திருப்பது எல்லோருக்கும் உண்டு. இவன் காத்திருக்கக் கற்றுக்கொண்டது அலமாரியில் இருந்த அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான்.

உபகரணங்களைப் பற்றியும் கொஞ்சம். உருளைக் கட்டையில் வெவ்வேறு அளவில் பத்து உருளைகள், அவற்றுக்கேற்ற பத்துக் குழிகள். தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சும், அல்லது உள்ளே போகாது. தப்பைக் கட்டையே சொல்லிவிடுகிறது. காலையிலிருந்து ராத்திரி வரை “அப்படி இல்லை, இப்படி” என்று பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சலித்த ஒரு குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று மூன்று படிப் பாடம். “இது தடிமன், இது மெல்லிசு” என்று பெயர் சொல்வது முதல் படி. “தடிமன் எது, காட்டு” என்பது இரண்டாவது. “இது என்ன?” என்பது மூன்றாவது. இரண்டாவது படிக்கு வாய் தேவையில்லை, விரல் போதும். என் மகன் மாதக்கணக்கில் இரண்டாவது படியிலேயே இருந்தான், அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முந்தைய வகுப்பில் எடுத்ததுமே “இது என்ன?”தான். பதில் வராது, தெரியவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

இந்தப் பாட முறை 19ஆம் நூற்றாண்டில் அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்த எடுவார் செகன் என்பவருடையது. மரியா மாண்டிசோரி 1900 வாக்கில் ரோமில் டாக்டராக அதே மாதிரியான குழந்தைகளிடம்தான் இதையெல்லாம் முதலில் செய்து பார்த்தார், சான் லோரென்சோ பகுதியில் மற்ற குழந்தைகளுக்கான இல்லம் திறந்தது அதன்பிறகு, 1907ல். இரு சாராரையும் ஒரே மாண்டிசோரி வகுப்பில் சேர்த்து உட்கார வைத்தவர் என்று பார்த்தால் மியூனிக்கின் குழந்தை மருத்துவர் தியோடர் ஹெல்ப்ருக்கே, 1968ல் தொடங்கிய தன் அமைப்பு வழியாக. எங்களை “எங்கள் உபகரணங்கள் இவனுக்குச் சரிவராது” என்று சொல்லித் திருப்பி அனுப்பிய மாண்டிசோரி பள்ளியிடம் இதைச் சொல்லியிருக்கலாம், அப்போது எனக்கே தெரியாது.

ஆமாம், மாண்டிசோரி என்று போர்டு வைத்த எல்லோரும் ஒன்றல்ல. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். டயப்பர் விட்டால்தான் சேர்ப்போம் என்று மூன்று வயதில் கதவை மூடுகிற இடங்கள் உண்டு. குழந்தையின் விருப்பத்தைப் பின்தொடர்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அது மூன்று வாரமாக ஒரே தட்டை எடுத்து வைத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாலும் சும்மா இருக்கிற இடங்களும் உண்டு. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து தேறுவது வேறு, அதில் சிக்கிக்கொள்வது வேறு, பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கள் ஆசிரியருக்கே முதல் இரண்டு மாதம் அது பிடிபடவில்லை. அலமாரி நிறையச் சாமான் இருந்தால் இவனால் தேர்ந்தெடுக்கவும் முடியாது, வாசலிலேயே நின்றுவிடுவான். கடைசியில் இரண்டு படங்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னார்கள், அப்புறம் மூன்று, அப்புறம் அலமாரிக்கே போனான்.

தெரபி விஷயத்தில் பழைய வகுப்பு சுலபம். நாள் ஏற்கெனவே துண்டு துண்டாக இருந்ததால், பேச்சுப் பயிற்சியாளர் பத்தரைக்கு வந்து கூட்டிப்போனாலும் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. மாண்டிசோரியில் இடையூறில்லாத மூன்று மணி நேரம் என்பது அஸ்திவாரம். இவன் ஒரு வேலையில் அமரவே நாற்பது நிமிஷம் ஆகும், அமர்ந்த வேளையில் பெயர்த்தெடுத்தால் அன்றைய காலை போச்சு. பயிற்சியாளரையே அறைக்குள் வந்து பாயில் உட்காரச் சொல்லிக் கெஞ்சி, அவர் ஒத்துக்கொள்ள ஒரு பருவமே ஆனது.

விளையாட்டுவழி வகுப்பு ஜெயிக்கிற இடம் பாவனை விளையாட்டு. பெட்டி பஸ்ஸாகும், குச்சி ஸ்டீயரிங்காகும், நீ டிரைவர், நான் கண்டக்டர். மாண்டிசோரியில் இதற்கு இடம் குறைவு, உருளைகளை ரயிலாக ஓட்டினால் சில ஆசிரியர்கள் மெதுவாகத் திசைதிருப்பிவிடுவார்கள். ஆட்களைத் தேடிப் போகிற குழந்தை, ஆனால் விளையாட்டின் விதி புரியாமல் தவிக்கிறது என்றால், நான் அங்கேதான் முதலில் போய்ப் பார்ப்பேன். என் மகனுக்கு ஆட்கள் என்றாலே திணறல், பொருள் வழியாகத்தான் ஆளிடம் வந்தான்.

அந்த முறையையே குறை சொல்வதும் நியாயமில்லை. இந்த மாதிரி வகுப்புகளுக்குப் பேர்போன இத்தாலிய நகரம் ரெஜியோ எமிலியாவின் நகராட்சிப் பள்ளிகள் இப்படிப்பட்ட குழந்தைகளை “சிறப்பு உரிமைகள் உள்ளவர்கள்” என்றுதான் அழைக்கின்றன, சேர்க்கையில் முன்னுரிமையும் கொடுக்கின்றன. இத்தாலியில் 1977லேயே தனி வகுப்புகளை எடுத்துவிட்டார்கள். 1992 சட்டப்படி துணை ஆசிரியர் அந்த ஒரு குழந்தைக்கான ஆள் இல்லை, வகுப்புக்கே இணைப் பொறுப்பாளர். அதாவது நாற்காலி எங்கே இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. நாங்கள் போன இடத்தில் ரெஜியோ என்ற பெயர் சுவரில் மட்டும்தான் இருந்தது.

நான் பேசுவது ஒரே ஒரு குழந்தையை வைத்து. இவன் நடப்பான், ஓடுவான், கை இருக்கிறது, வலிப்பு கிடையாது. கையை அசைக்கவே சிரமப்படுகிற குழந்தைக்கு, கையே பிரதானமான ஒரு வகுப்பைச் சிபாரிசு செய்ய எனக்கு அனுபவம் போதாது, அந்தப் பெற்றோர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது இவனுக்கு ஆறு முடிந்துவிட்டது, எங்கள் மாண்டிசோரி ஆறோடு நின்றுவிடும். அடுத்த பள்ளியில் நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், ஒவ்வொரு மணி அடித்ததும் வேறு புத்தகம். விண்ணப்பத்தில் ‘ஷேடோ டீச்சர் தேவையா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆமாம் என்று போட்டால் மறுபடி பக்கத்திலேயே ஓர் ஆள், இல்லை என்று போட்டால் முதல் வாரமே ஃபோன் வரும். இரண்டு வாரமாக மேசைமேல் கிடக்கிறது, அந்தக் கட்டம் மட்டும் காலியாக.