பனியில் யெட்டியா, விண்டர் வுல்ஃபா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், 2014 மான்ஸ்டர் மேனுவல் என்ற அரக்கர் கையேட்டில், பனிமனித யெட்டி, பனி ஓநாயான விண்டர் வுல்ஃப் இரண்டுக்கும் சேலஞ்ச் ரேட்டிங் (ஆபத்து அளவு) 3. இரண்டும் பனியில் பதுங்கினால் ஸ்டெல்த்துக்கு (ஒளியும் திறனுக்கு) அட்வான்டேஜ், அதாவது பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுக்கலாம். மூன்றாம் லெவலில் நாலு பேர் ஆடும் மேசையில் எதை இறக்கினால் என்ன என்று தோன்றும். ஆனால் இடம் மாறினால் கதையே மாறிவிடும்.

யெட்டிக்கு 51 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி), ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்) 12. பார்த்தால் நோஞ்சான்தான். ஆனால் தரையில் போகிற அதே 40 அடி வேகத்தில் பாறையிலும் ஏறும். 30 அடிக்குள் ஒருவரை முறைத்தால் அவர் கான்ஸ்டிட்யூஷன் சேவில் (உடல்வலுவைச் சோதிக்கும் பகடையில்) 13 எடுக்க வேண்டும், தவறினால் விறைத்துப்போவார். அதே டர்னில் இரண்டு நகக் கீறல், பக்கத்தில் நின்று பட்டதெல்லாம் கிரிட்டிகல், சேதப் பகடை இரட்டிப்பு. பகடை சொதப்பினால் மூன்றாம் லெவல் ஃபைட்டரே ஒரே சுற்றில் காலி. ஆகவே செங்குத்து மலை, குறுகிய பாதை, தெளிந்த வானம் என்றால் என் ஓட்டு யெட்டிக்கே.

தெளிந்த வானம் என்று சொல்லக் காரணம் உண்டு. முறைப்பு பலிக்க, இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மிரட்டலாக இருக்கட்டுமே என்று பல டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) பனிப்புயலையும் சேர்த்து, யெட்டியின் பல்லைத் தாங்களே பிடுங்கிவிடுகிறார்கள். குழுவில் ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரம் வைத்திருக்கும் விசார்ட் இருந்தாலும் யோசியுங்கள். நெருப்பு பட்டால் யெட்டியின் தாக்குதல்களுக்கு, அட்வான்டேஜுக்கு நேரெதிரான டிஸ்அட்வான்டேஜ்.

புயலடிக்கும் சமவெளிக்கு விண்டர் வுல்ஃப்தான். 75 ஹிட் பாயிண்ட், 50 அடி வேகம், நெருப்பைக் கண்டு மிரளாது. குளிர்மூச்சுக்குக் கண் தேவையில்லை. 15 அடிக் கூம்புக்குள் நிற்பவர்களுக்கு 4டி8 (நான்கு எட்டுமுகப் பகடை) சேதம். தாக்கப்படுபவரின் பக்கத்தில் கூட்டாளி இருந்தால்தான், தாக்குதலுக்கு அட்வான்டேஜ் தரும் அதன் பேக் டாக்டிக்ஸ் வேலை செய்யும். அதற்காக இன்னொரு விண்டர் வுல்ஃபைச் சேர்த்தால் சண்டை 'டெட்லி' என்ற உச்ச ஆபத்து அளவைத் தாண்டிவிடும். ஒரு சாதாரண ஓநாய் போதும். விண்டர் வுல்ஃப் காமன் என்ற பொதுமொழி பேசும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பேரம் பேசவிட்டுப் பாருங்கள், களைகட்டும்.

சதுப்பு நிலத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. பல்லிமனிதர்களான லிசர்ட்ஃபோக்குக்கு 22 ஹிட் பாயிண்ட், தவளைமனிதர்களான புல்லிவக்குக்கு வெறும் 11. ஆனாலும் சேற்றில் வீரர்களின் வேகம் பாதியாகும்போது, புல்லிவக் ஓடிவராமலே 20 அடி தாவும், சதுப்பில் ஒளிய அட்வான்டேஜும் உண்டு. சேறு நடுவில் புல்லிவக். கரையோரக் குடியிருப்பில் லிசர்ட்ஃபோக்.