வேர்ல்ட்3: "எல்லாம் போச்சு" என்பவரும் "எல்லாம் சரியாகிவிடும்" என்பவரும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டிய மென்பொருள்

வளங்கள் தீரப்போகின்றன என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் அவரவர் சுபாவம்தான் பேசும். பயப்படுகிறவர் பயப்படுவார், நம்புகிறவர் நம்புவார். உலகத்தின் போக்கைச் சமன்பாடுகளாக எழுதி ஓட்டிப் பார்க்கும் மாதிரிதான் வேர்ல்ட்3. அந்தப் பேச்சுக்குள் கணக்கைக் கொண்டுவருகிறது என்பதற்காகவே எனக்கு அது பிடிக்கும். கணினி மாதிரிகளில் முன்னோடியான ஜே ஃபாரஸ்டர் போட்ட அடித்தளத்தின் மேல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டென்னிஸ் மெடோஸ் தலைமையிலான குழு, உலகின் எதிர்காலத்தைப் பற்றி விவாதிக்கும் ரோம் கிளப் என்ற அமைப்புக்காக இதைக் கட்டியது. முடிவுகள் 1972-ல் 'வளர்ச்சிக்கு எல்லைகள்' (The Limits to Growth) என்ற புத்தகமாக வெளிவந்தன. இன்று பிரவுசரிலேயே இலவசமாக ஓட்டலாம். பைதான் என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு அதிலேயே எழுதிய பைவேர்ல்ட்3 இருக்கிறது. நான் கணக்கு ஆசிரியை. மேல்வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் இதை ஓட்டுவேன்.

திரையில் 1900 முதல் 2100 வரை மக்கள்தொகை, உணவு, தொழில் உற்பத்தி, மாசு, மீதமுள்ள வளம் எல்லாம் கோடுகளாக வரும். எதையும் மாற்றாமல் ஓட்டினால் தொழில் உற்பத்தி இந்த நூற்றாண்டின் முற்பாதியில் உச்சம் தொட்டு விழுகிறது. பின்னாலேயே மக்கள்தொகையும் இறங்குகிறது. "அப்போ அவ்வளவுதானா மிஸ்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

அங்கே நிறுத்திவிடாமல் உள்ளே இருக்கும் அட்டவணையைத் திறந்து காட்டுவேன். இந்தக் கருவியின் உயிரே அதில்தான் இருக்கிறது. வளத்தில் பாதி மீதமிருக்கும்வரை அதை எடுப்பதற்குத் தொழில் மூலதனத்தில் 10% போதும். 30%தான் மீதம் என்ற நிலை வந்தால் மூலதனத்தில் பாதி அதற்கே போய்விடும். தேய்ந்த இயந்திரத்தை மாற்றவும் வயலுக்குச் செலவழிக்கவும் கையில் மிச்சம் இருக்காது. ஆக, பூமிக்கடியில் இன்னும் நிறைய இருக்கும்போதே சரிவு தொடங்கிவிடுகிறது. செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு வெட்டிய தாதுவைவிட இன்று வெட்டும் தாதுவில் செம்பு மிகக் குறைவு, பல சுரங்கங்களில் 1%கூட இல்லை. 1980-ல் ஐந்து உலோகங்களின் விலை ஏறும் என்று உயிரியலாளர் பால் எர்லிக் பந்தயம் கட்டி, 1990-ல் பொருளாதார அறிஞர் ஜூலியன் சைமனிடம் தோற்றார். நம்பிக்கைக்காரர்கள் அதை இன்றுவரை சொல்கிறார்கள். ஆனால் பத்து வருட விலையை மட்டும் பார்த்தால் இந்த அட்டவணை சொல்லும் சரிவு தெரியாது.

அடுத்து வளத்தை இரட்டிப்பாக்கச் சொல்வேன். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். உற்பத்தி இன்னும் உயரே போகிறது. அப்புறம் மாசு எகிறி, விளைச்சல் விழுந்து, மக்கள்தொகையும் விழுகிறது. மாசு வெளியேறுவதற்கும் அதன் பாதிப்பு தெரிவதற்கும் நடுவே 20 ஆண்டு இடைவெளி வைத்திருக்கிறார்கள். மிகையான எண் என்று யாராவது சொன்னால் ஓசோனை நினைவூட்டுவேன். ஓசோனை அரிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987-ல் வந்தது. அன்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் 1980-ன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகிவிடும் என்கிறார்கள். எனக்கு இது இரண்டு பக்கமும் பேசும் உதாரணம். உலகம் கூடி முடிவெடுத்தது, அது பலிக்கிறது. ஆனால் தாமதம் அவ்வளவு நீளம்.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது, கொள்கைகளைத் தொடங்கும் ஆண்டை மாற்றிப் பார்ப்பது. 1972 பதிப்பில் பிறப்பையும் முதலீட்டையும் கட்டுப்படுத்தி, மறுசுழற்சியையும் சேர்த்து, 1975-லிருந்து நடைமுறைப்படுத்தினால் கோடுகள் சமநிலைக்கு வருகின்றன. அதையே 2000 வரை தள்ளிப்போட்டால் சமநிலை நிலைக்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு வாய்ப்பு போய்விட்டது என்பவர்கள், அதே குழுவினர் திருத்திய 2004 பதிப்பையும் ஓட்டவேண்டும். அதில் 2002-ல் தொடங்கினாலும் சமநிலை கிடைக்கிறது. 1982-லேயே தொடங்கியிருந்தால் மாசு குறைந்திருக்கும், வளமும் கூடுதலாக மிஞ்சியிருக்கும். பிழைப்போமா அழிவோமா என்று கேட்டு வந்தவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற பதில்தான் கிடைக்கிறது. இந்தக் கேள்வி இரு தரப்பு வாயிலும் நான் கேட்டதே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. உலகம் முழுவதும் ஒரே சராசரி. யார் தின்கிறார்கள், யார் பட்டினி என்று தெரியாது. எல்லாக் கனிமமும் ஒரே குவியல். போர் கிடையாது. உச்சத்துக்குப் பிறகு வரும் கோடுகளை அப்படியே நம்பவேண்டாம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கிரகாம் டர்னர் முப்பது ஆண்டு நிஜத் தரவோடு ஒப்பிட்டபோது, எதையும் மாற்றாத அடிப்படை ஓட்டம் நன்றாகவே பொருந்தியது. இதை ஜோசியமாக எடுத்து இந்த வருடம் உலகம் முடியும் என்று படம் போடுபவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். பதினாறு வயதுப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எதற்குப் படிக்கவேண்டும் என்று கேட்கிறது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் தொடங்கும் ஆண்டை மட்டும் ஐந்தைந்தாகத் தள்ளி ஓட்டுங்கள், மற்ற எண்களைத் தொடவேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்தின் படத்தையும் சேமித்து வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும்.