மருவுக்கு க்ரீமா, காட்டரியா? ஒரே அறை வீட்டில் இருப்பவர்களுக்கு ஓர் அலசல்

பிறப்புறுப்பில் வரும் மருவுக்கு எது நல்ல வைத்தியம் என்று கேட்டால், எத்தனை மரு, எந்த இடம், கர்ப்பமா என்று பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். மும்பையில் தாராவியிலோ ஆன்டாப் ஹில்லிலோ இருப்பவர் இன்னொன்றும் யோசிக்க வேண்டும்: சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறதா?

வீட்டிலேயே போடலாம் என்பதுதான் இமிக்விமோட் க்ரீமின் கவர்ச்சி. வாரம் மூன்று இரவு தடவி, 6 முதல் 10 மணி நேரம் கழித்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். 16 வாரம் வரை இழுக்கலாம். ஆறு பேர் வரிசையாகப் படுக்கும் அறையில், விளக்கணைத்த பிறகு இருட்டில் தடவினால் மரு எங்கே, நல்ல தோல் எங்கே என்று தெரியாது. காலையில் குழாய்த் தண்ணீருக்கும் பொதுக் கழிப்பறைக்கும் நிற்கும் கூட்டத்தில் நிதானமாகக் கழுவவும் முடியாது. அந்த இடத்துக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியை இழுத்து வரும் மருந்து இது. சிவந்து எரியும், சிலருக்குப் புண்ணாகும். ஆணுறையையும் பலவீனமாக்கும். வீட்டிலேயே தடவும் இன்னொரு மருந்தான பொடோஃபிலோடாக்சினின் கணக்கு வேறு: மூன்று நாள் இருவேளை தடவல், நான்கு நாள் ஓய்வு, தேவைப்பட்டால் நான்கு சுற்று வரை. கர்ப்பிணிகளுக்கு அது கூடவே கூடாது, இமிக்விமோட்டையும் தவிர்ப்பார்கள்.

காட்டரி என்றால் மரத்துப்போக ஊசி போட்டுச் சுடுவது. பெரும்பாலும் ஒரே நாளில் மரு போய்விடும். புண் ஆறச் சில வாரம் ஆகும். முதல் சில நாள் இறுக்கமான ஜீன்ஸோடு லோக்கல் ரயிலில் நசுங்குவதெல்லாம் வேண்டாம். நம் நிறத் தோலில் கறுத்த தடம் நிற்கலாம். நான்கைந்து மருதான், வீட்டில் தனிமை இல்லை என்றால் என் ஓட்டு இதற்கே. திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதற்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். எல்லா கிளினிக்கிலும் இருக்காது.

எதைச் செய்தாலும் முதல் மூன்று மாதத்தில் திரும்ப முளைப்பது சகஜம். மருவை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் சுற்றுத் தோலில் தங்கியிருக்கும். டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று ஆள் மாற்றாதீர்கள். சுண்ணாம்பும், கால் ஆணிக்கு விற்கும் பிளாஸ்திரியும் அந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயும் இதே போல முண்டு முண்டாக வரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை. சயான் ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் (ஓ.பி. சீட்டு) எடுத்தால் தோல் பிரிவிலேயே பார்ப்பார்கள். தெரிந்த முகம் வரும் என்று பயந்தால் மாதுங்காவில் தனியார் டாக்டர், செலவு கூடும்.

யாரால் வந்தது என்று வீட்டில் பஞ்சாயத்து வைப்பதிலும் அர்த்தமில்லை. தொற்றிப் பல மாதம் கழித்தும், சிலருக்கு வருடம் கழித்தும் மரு தலைகாட்டும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், அது மூடாத தோல் வழியாகவும் தொற்றும். பெரும்பாலான மருவுக்குக் காரணமான 6, 11 வகை எச்.பி.வி. புற்றுநோய் வகைகள் அல்ல. ஆனாலும் பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கார்டசில், செர்வாவேக் தடுப்பூசிகள் இந்த இரண்டு வகையையும் தடுக்கும். முளைத்துவிட்ட மருவைக் கரைக்காது.