ரெசின் கட்டிகளுக்குள் பன்னிரண்டு கணுக்காலிகள்: ஓர் ஆசிரியரின் மதிப்புரை

ஒன்பதாம் வகுப்பில் கணுக்காலிகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகைப் படத்தையும் மாணவர்கள் தீப்பெட்டியில் பிடித்து வரும் வண்டுகளையும் நம்பியே இருந்த நான், இந்த ஆண்டு இணையவழியில் 2,400 ரூபாய் கொடுத்து ஒரு மாதிரிப் பெட்டியை வாங்கினேன். வெட்டுக்கிளி, தேனீ, தட்டான், பொன்வண்டு, சிள்வண்டு, கும்பிடுபூச்சி, சிலந்தி, தேள், பூரான், மரவட்டை, நண்டு, இறால் ஆகிய பன்னிரண்டும் கண்ணாடி போன்ற ரெசின் கட்டிகளுக்குள் தனித்தனியே பதிக்கப்பட்டுள்ளன. மூன்று மாதம் வகுப்பில் கைமாறிய பிறகும் கட்டிகள் மஞ்சளாகவில்லை, விரிசலும் இல்லை.

கணுக்காலி என்ற சொல்லின் பொருளை இந்தப் பெட்டி விளக்குவது போல எந்தப் படமும் விளக்கியதில்லை. மூங்கிலிலும் கரும்பிலும் காண்கிற கணுவைப் போலவே, வெட்டுக்கிளியின் பின்னங்காலிலும் நண்டின் காலிலும் இறுகிய குழல்கள் மூட்டுக்கு மூட்டு இணைந்திருப்பதை உருப்பெருக்கி இல்லாமலே பார்க்க முடிகிறது. கைட்டின் என்னும் உறுதியான பொருள் கலந்த புறச்சட்டகம், துண்டு துண்டாகப் பிரிந்த உடல், இணை இணையாக அமைந்த கால்கள் ஆகிய பொதுப் பண்புகளைப் பன்னிரண்டிலும் மாணவர்கள் தாங்களே தேடிக் கண்டுபிடித்தார்கள்.

பெட்டியின் மிகச் சிறந்த இணை தேளும் நண்டும்தான். இரண்டுக்கும் முன்னால் இடுக்கிகள் இருப்பதால் அவை நெருங்கிய உறவினர் என்றே வகுப்பில் பலரும் முதலில் சொன்னார்கள். ஆனால் நண்டின் இடுக்கி அதன் ஐந்து இணைக் கால்களில் முதல் இணை. தேளின் இடுக்கியோ காலே அன்று, பெடிபால்ப் எனப்படும் வேறோர் இணையுறுப்பு. அதைத் தவிர்த்தே தேளுக்கு நான்கு இணைக் கால்கள் உள்ளன. சிலந்தியிலும் அதே பெடிபால்ப் சிறிய கால்போல நீண்டிருப்பதால், எண்ணிய மாணவர் சிலர் பத்துக் கால்கள் என்றார்கள். உணர்கொம்பு இல்லாததும், வாயின் முன் கெலிசெரா என்னும் உறுப்பு இருப்பதும் சிலந்தியையும் தேளையும் ஒரே பிரிவில் சேர்க்கின்றன என்பதை அந்த இரண்டு கட்டிகளையும் அருகருகே வைத்தே புரியவைத்தேன். கள்ளநோட்டைக் கண்டறியும் புற ஊதா விளக்கைக் காட்டியபோது, ரெசினுக்குள்ளிருந்த தேள் மட்டும் நீலப்பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. அந்த ஒளிர்வு தேளின் மேலோட்டில் உள்ள பொருள்களால் வருவது, இறந்த பின்னும் நீடிப்பது.

இத்தனை நல்ல மாதிரிகளுடன் வந்த விவரத்தாள்தான் எனக்குப் பெரும் வருத்தத்தைத் தந்தது. அது பன்னிரண்டையும் "பூச்சிகள்" என்றே தலைப்பிட்டிருக்கிறது. எட்டுக்கால் பூச்சி என்று வீட்டில் சொல்வது பேச்சு வழக்கு; அதில் தவறு காண மாட்டேன். ஆனால் கற்பித்தலுக்கென விற்கப்படும் பொருள், தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளும் ஓரிணை உணர்கொம்பும் ஆறு கால்களும் உடையவற்றை மட்டுமே பூச்சி என்று சொல்ல வேண்டும். வண்டுக்கு அறுகால் என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. பெட்டியில் உண்மையில் பூச்சிகள் ஆறுதான். பூரானையும் மரவட்டையையும் அத்தாள் ஒரே பெயரில் அடக்கிவிட்டது. பூரானுக்குக் கண்டத்துக்கு, அதாவது உடலின் ஒவ்வொரு துண்டுக்கும், ஓரிணைக் கால். முதல் இணை நஞ்சுக்கொடுக்காக மாறியிருக்கும். மரவட்டைக்கு உடலின் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு இணைகள், ஏனெனில் ஒவ்வொரு வளையமும் இரு கண்டங்கள் இணைந்து உண்டானது. இந்த வேறுபாடு கட்டியின் பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும்போது தாள் அதை மறைப்பது பொறுக்க முடியாதது. நான் அந்தத் தாளை எடுத்துவிட்டு, கையால் எழுதிய அட்டையை வைத்திருக்கிறேன்.

செய்நேர்த்தியிலும் இரண்டு குறைகள் உள்ளன. இறாலைச் சிறிய அச்சில் அடக்குவதற்காக அதன் நீண்ட உணர்கொம்புகளை வெட்டியிருக்கிறார்கள். இரண்டு இணை உணர்கொம்புகள் என்பது நண்டும் இறாலும் அடங்கிய ஓடுடைய கணுக்காலிகள் பிரிவின் தலையாய அடையாளம் என்பதால் இது சிறிய இழப்பன்று. கட்டிகளின் அடிப்பகுதிக்கு வெள்ளை வண்ணம் பூசியிருப்பதால், நண்டின் வயிறு உடலுக்கடியில் மடிந்திருப்பதையும், ஆணில் குறுகியும் பெண்ணில் அகன்றும் இருப்பதையும் காண வழியில்லை. மாதிரிகள் எந்த ஊரில், எந்த நாளில் சேகரிக்கப்பட்டவை என்ற குறிப்பும் எங்கும் இல்லை.

வளராத ஓட்டுக்குள் வளரும் உடல் எப்படி இடம் தேடுகிறது என்பதைக் காட்டும் மாதிரி ஒன்றுகூட இல்லாததால், வேப்பமரத்துப் பட்டையில் ஒட்டியிருந்த சிள்வண்டின் உரிந்த சட்டையை எடுத்துப் பெட்டியில் பதின்மூன்றாவதாகச் சேர்த்தேன். முதுகில் நீளவாக்கில் பிளந்த அந்தக் கூட்டில் கால்களின் கணுக்கள்கூட அப்படியே இருக்கின்றன. வாங்க நினைக்கும் ஆசிரியர்கள், அடிப்பகுதி வண்ணம் பூசப்படாத கட்டிகளாகவும், உணர்கொம்பு முழுமையாக உள்ள இறாலாகவும் தரும்படி விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.